பேரும் அரைப்பேரும்: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலைநாளின் வரலாறு

முகாமைத்துவக் கல்வியின் சொற்களஞ்சியத்திலிருந்து இரு தொடர்கள் அண்மைக் காலத்தில் நம்மிடையே பெரிதும் புழங்கி வருகின்றன. ஒன்று 'நெகிழ்வான வேலை ஏற்பாடு'. மற்றையது 'ஊழியர் ஈடுபாடு'. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், பல்கலைக்கழக விரிவுரையாளரும் அலுவலகப் பணியாளரும் வீட்டிலிருந்தவாறே கடமையாற்றும் வாய்ப்பைக் குறித்து இத்தொடர்கள் எடுத்தாளப்பட்டன. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை பெற்றவர் தன் வேலையில் மனமொன்றி ஈடுபடுவார் என்பதே இவற்றின் அடிப்படைக் கருத்தாகும். அதனைப் பொதுவாக மறுப்பதற்கில்லை. ஆயின், இதே கருத்து இன்று அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களைக் குறித்தும் முன்வைக்கப்படுகின்றது. நாட்சம்பள முறை காலங்கடந்தது, தொழிலாளி இனித் தன் நேரத்துக்குத் தானே எசமான் என்று பெருந்தோட்டக் கம்பனிகளின் சார்பிற் பேசுவோர் கூறுகின்றனர். 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கில் இருந்தபோது தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர்ந்து நடைபெற அனுமதிக்கப்பட்டிருந்தது. வீட்டிலிருந்து பறிக்கத்தக்க பொருளன்று கொழுந்து.

நெகிழ்வு என்பது யாருடைய நெகிழ்வு? வேலைநாளின் தொடக்கத்தையும் முடிவையும், அந்நாள் முழுநாளா அரைநாளா என்பதையும் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்து வந்துள்ளது? இவ்வினாவை மலையகத்தின் ஏறத்தாழ இருநூறாண்டு வரலாற்றின்மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கை தொடக்க முதலே இறுகிய கட்டுப்பாட்டுள் அமைந்திருந்தது என்றும், நெகிழ்வு என்பது இன்றைய சந்தையின் கொடை என்றும் கருதுவோர் உளர். வரலாறு வேறுவிதமாக நடந்துள்ளது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். 1820களின் பிற்பகுதியிலும் 1830களிலும் கண்டி மலைச்சாரலிற் பரவிய கோப்பிப் பயிர்ச்செய்கை பருவத்துக்குக் கட்டுப்பட்டது. பழம் பறிக்கும் காலமாகிய, ஏறத்தாழ ஆகஸ்ட் தொடக்கம் நவம்பர் வரையான மாதங்களிலேயே பெருந்தொகையான கைகள் வேண்டப்பட்டன. எஞ்சிய மாதங்களில் சிறு தொகையினர் போதுமாயிருந்தனர். ஆகவே, தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வரண்ட நிலமுமாகிய வடபாதை வழியே மாத்தளைக்கு நடந்து, பருவம் முடிந்ததும் வந்த வழியே திரும்பினர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். ஆண்டு முழுவதும் உணவும் உறையுளும் அளிக்கும் பொறுப்பு எதுவுமின்றி, வேண்டியபோது உழைப்பைப் பெற்று வேண்டாதபோது அதனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிடும் இவ்வேற்பாட்டினும் நெகிழ்வானதொன்றை எந்த முகாமைத்துவ அறிஞரும் இன்னும் வகுத்துரைக்கவில்லை. தொழிலாளியின் பராமரிப்புச் செலவைத் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்கள் சுமந்தன. இலாபம் இலண்டனைச் சேர்ந்தது.

இந்நெகிழ்வை இயங்கச் செய்த உறுப்பு கங்காணி. ஊரிலே ஆள் திரட்டியவனும் வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவனும் தோட்டத்தில் வேலை வாங்கியவனும் அவனே. அவனது வருவாயின் ஒரு பகுதி 'தலைக்காசு' என வழங்கிற்று. அவனுடைய கூட்டத்திலிருந்து ஒரு நாளில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினர் என்ற கணக்கின்மீதே அது கொடுக்கப்பட்டது. வரவை உறுதிப்படுத்த நிர்வாகம் பணம் செலவிட்டது. அப்பணம் வேலைக்கு வந்தவனுக்கன்றி, வரச்செய்தவனுக்குச் சென்றது. சாதியும் உறவுமுறையும் கடனும் ஒருங்கே பிணைந்த இவ்வமைப்பை நிலவுடைமை உறவுகளின் எச்சம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. பழைய உறவுகளை உலகச் சந்தைக்கான உற்பத்தியின் கருவியாக மூலதனம் எடுத்தாண்டது என்பதே பொருத்தமாகும்.

'ஈடுபாடு' என்பதற்கும் அக்காலத்தே ஓர் இலக்கியம் இருந்தது. 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்ட வேலைகளைக் கும்மி மெட்டில் விரித்துரைப்பது. மலையகத்தைப் பொருளாகக் கொண்ட தொடக்ககால ஆக்கங்களுள் வைத்து எண்ணப்படும் இந்நூலின் நோக்குநிலை தோட்ட நிர்வாகத்தினுடையது. பெண்கள் கைகொட்டி ஆடும் வடிவமொன்று, வேலையைச் செவ்வையாகச் செய்யவேண்டும் என்ற உபதேசத்துக்கு வாகனமாக்கப்பட்டது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையிற் கண்டறியப்பட்டதும் அதே 1869இல் என்பது தற்செயலே. எனினும் குறிப்பிடத்தக்க தற்செயல். இதற்கு நேர்மாறான குரலை, பிற்காலத்தில் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் திரட்டிய நாட்டார் பாடல்களில் நாம் கேட்கலாம். கங்காணியின் வசையும் கடனும் நனைந்த கம்பளியும், முழுநாள் உழைத்தும் செக்ரோலில் அரைநாளாகப் பதியப்பட்ட அநீதியும் அவற்றின் பாடுபொருள்கள். வேலைநாள் பற்றிய முரண்பாடு தொழிற்சங்கத்துக்கு முன்பே பாடலிற் பதிவாகிவிட்டது.

லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை, 1880களில் கோப்பியின் இடத்தை முற்றாகக் கைப்பற்றியது. பயிர் மாறியதும் காலத்தின் ஒழுங்கே மாறிற்று. தேயிலை பருவத்துக்குக் காத்திருப்பதில்லை. ஏறத்தாழ வாரத்துக்கொருமுறை அதே மலைக்குத் திரும்பிச் சென்று கொழுந்தெடுத்தல் வேண்டும்; தவறின் இலை முற்றி வாணிகத்துக்கு உதவாது. பறித்த கொழுந்து தாமதமின்றி ஆலைக்குச் சென்று வாடவைக்கப்படவும் வேண்டும். இதனால் ஆண்டு முழுவதும் தோட்டத்துள்ளேயே வாழும் தொழிலாளர் கூட்டமும், குறிப்பாகப் பெண்களின் கைகளும் இன்றியமையாதனவாயின. வந்து செல்லும் கூலி, லயத்துக் குடும்பமானது இவ்வாறே. கோப்பிக்கு நெகிழ்வு தேவைப்பட்டது. தேயிலைக்குப் பிணைப்பு தேவைப்பட்டது. இரண்டையும் தீர்மானித்தது தொழிலாளியின் விருப்பமன்று.

பிணைப்புக்குரிய சட்டங்கள் முன்னரே ஆயத்தமாயிருந்தன. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தொழிலாளியின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் ஒன்றாகும்; தோற்றத்தில் எளிதில் விலகத்தக்கது. ஆயின் முன்னறிவித்தலின்றி நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'துண்டு' முறை இன்னும் நுட்பமானது. தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டுள்ளான், அதைச் செலுத்தின் விடுவிக்கப்படுவான் என்று துரை எழுதிக்கொடுக்கும் அச்சீட்டின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. உழைப்பாளி கைமாறும்போது கடனும் கைமாறிற்று. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டமை இந்தியாவிலும் இலங்கையிலும் எழுந்த கண்டனத்தின் விளைவாகும்.

இவ்விடத்து வேலைநாளின் உள்ளமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். விடியுமுன் தப்பொலி லயத்தை எழுப்பும்; பிரட்டுக்களத்தில் ஆட்கள் கணக்கெடுக்கப்பட்டு, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்தனுப்பப்படுவர். அன்று வேலை செய்தமைக்கு அடையாளமாகச் செக்ரோலில் விழும் பதிவே 'பேர்'. தோட்ட வழக்கில் ஒரு நாட்சம்பளத்துக்கும் அதுவே பெயர். நிர்ணயித்த நிறை கொழுந்து இல்லையேல், மழையால் வேலை நின்றால், பிந்தி வந்தால், பேர் 'அரைப்பேர்' ஆகும். ஒரு மனிதனின் உழைப்பு நாளைக் குறிக்கப் 'பேர்' என்ற சொல்லே வழங்கியமை நம் ஆய்வாளர்களின் கவனத்தை இன்னும் போதிய அளவு பெறவில்லை. பேர் இழத்தல் என்பது கூலி இழத்தல் மட்டுமன்று என்பதை அச்சொல்லைப் பயன்படுத்திய மக்கள் நன்கறிந்திருந்தனர்.

அரைப்பேர் என்ற நிறுவனத்தினூடாகவே தோட்ட நிர்வாகம், சட்டத்தால் நிலையானது எனப்பட்ட வேலைநாளை நெகிழ்த்திக்கொண்டது. மேற்குச் சரிவிலுள்ள டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களில் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து பெருகும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குறையும். பெருகிய நாளில் வேலை நீண்டது. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குப் பறிக்கவேண்டியிருந்தது. குறைந்த நாளில் அளவைச் சேர்க்க இயலாதவர் அரைப்பேருடன் திரும்பினர். இயற்கையின் ஏற்றத்தாழ்வு முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு மாற்றப்பட்டது. துண்டுக்கூலி பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்தில் எழுதிய இயல், மேற்பார்வையின் பெரும்பகுதியைக் கூலி வடிவமே ஏற்றுக்கொள்கின்றது என்பதை விளக்குகின்றது. மலையகத்தில் நாட்கூலியின் உள்ளேயே துண்டுக்கூலி ஒளிந்திருந்தது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பெண்ணின் நாள் தனியே ஆராயப்படவேண்டியது. கவ்வாத்து, முள்ளுக்குத்து, புல்வெட்டு முதலிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் அளவு குறித்துக் கொடுக்கப்படுவன. ஒதுக்கிய பகுதியை முடித்தவர் நண்பகல் கடந்ததும் வீடு திரும்பலாம். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அவ்வாய்ப்பில்லை. மாலை நிறுவை முடியும்வரை அவள் மலையில் நிற்கவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அடுப்பும் தண்ணீரும் பிள்ளையும் அவளுக்கே உரியன. ஆகவே ஒரே லயத்துள் நெகிழ்வு ஆணுக்கும் இறுக்கம் பெண்ணுக்குமாகப் பங்கிடப்பட்டிருந்தது. கூலியிலோ நிலை எதிர்மாறானது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி முதலில் நிர்ணயிக்கப்பட்ட உயர்மலைப் பகுதி விகிதம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம்.

எனினும் அச்சட்டத்தின் முக்கியத்துவம் வேறிடத்தில் உள்ளது. உணவு வேளை உட்பட ஒன்பது மணி நேரம் என்று வேலைநாளுக்கு முதன்முறையாக ஓர் எல்லை வகுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் இயக்கம் இவ்வெல்லையைப் பற்றிக்கொண்டே வளர்ந்தது எனலாம். கோ. நடேசய்யர் 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவியதும், அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களால் தொழிலாளரைத் திரட்டியதும், கூலிவெட்டுக்கும் கங்காணித்துவத்துக்கும் எதிராகவே. துரையின் விருப்புக்கும் கங்காணியின் தயவுக்கும் விடப்பட்டிருந்த ஒன்றை எழுதப்பட்ட விதியாக மாற்றுவதே அவ்வியக்கத்தின் உள்ளடக்கம். நெகிழ்வைப் போற்றுவோர் 'இறுக்கமான தொழிற்சட்டம்' என்று இன்று குறைகூறுவது இவ்விதிகளையே.

ஈடுபாடு, பங்கேற்பு என்பனவற்றுக்கும் மேற்கத்தைய முகாமைத்துவ நூல்களினும் நெருக்கமான முன்னுதாரணம் நமக்கு உண்டு. 1940 சனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானதைத் தொடர்ந்து தோட்டங்களெங்கும் கிளர்ச்சி பரவிற்று. அதே ஆண்டு ஊவாவில், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்தில், தொழிலாளர் தம்முள் ஒரு குழுவைத் தெரிவுசெய்தனர். அதனைக் கலந்தே செயற்படுவதாகத் துரை ஒப்பவேண்டியதாயிற்று. அது நீடிக்கவில்லை. அரசும் தோட்டத்துரைமாரும் அதனை நீடிக்கவிடவுமில்லை. ஆயினும், தொழிலாளர் தோட்ட அலுவலில் ஈடுபட விழைந்தபோது அது எவ்வடிவங் கொண்டது என்பதற்கு வேவெஸ்ஸ சான்றாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய போது இவ்வழி மீண்டும் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்ட மக்கள் அரசுடைமையின் பங்காளிகளாக எண்ணப்படவேயில்லை. வெள்ளைத்துரை இருந்த இடத்தில் உள்ளூர்த்துரை அமர்ந்தார், பிரட்டுக்களம் அப்படியே இருந்தது. அப்பத்தாண்டின் பட்டினிச் சாவுகள் தனியே எழுதப்படவேண்டியவை.

அரசுடைமைக் காலத்தின் பிற்பகுதியில் ஒரு பெரும் வெற்றி கிட்டியது. 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணும் பெண்ணும் சம நாட்சம்பளம் பெற்றனர். பெண்ணின் பேரும் ஆணின் பேரும் செக்ரோலில் ஒரே பெறுமதியாயின. பின்னைய கூட்டொப்பந்தங்களில், ஆண்டுக்கு 300 நாள் வேலை வழங்கப்படும் என்ற உறுதியும் இடம்பெற்றது. வேலைநாளுக்கு எல்லை கேட்டுப் போராடிய வர்க்கம், வேலைநாட்களின் எண்ணிக்கைக்கும் உறுதி பெற்ற கட்டம் இது.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது முதல் காட்சி மாறலாயிற்று. அப்போது மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த பதிவுத் தொழிலாளர் தொகை இன்று அதன் அரைப்பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இளையோர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றனர். எஞ்சியோரின் கூலிக் கோரிக்கை ஆயிரம் ரூபாவை எட்டியபோது நிகழ்ந்தவை அண்மை வரலாறு. 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 1000 ரூபா வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும் கம்பனிகள் கூட்டொப்பந்தத்திலிருந்து விலகின. கூட்டொப்பந்தம் போனதோடு அதிலடங்கிய வேலைநாள் உறுதியும் பறிக்கும் அளவு பற்றிய இணக்கமும் பற்றுக்கோடிழந்தன. நாட்கூலி உயர்ந்தது, பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கிலோ உயர்த்தப்பட்டதாகவும் வேலைநாட்கள் குறைக்கப்பட்டதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1350 ரூபாவாகிய பின்னரும் அரைப்பேர் மறையவில்லை. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 1550 ரூபா நாட்சம்பளத்துடன், வேலைக்கு வரும் நாளொன்றுக்கு 200 ரூபா ஊக்கக் கொடுப்பனவை அரசே வழங்கும் என முன்மொழிந்தது. தலைக்காசு ஒருவகையில் திரும்பியுள்ளது. இம்முறை அது வருபவரின் கைக்கே செல்கின்றது என்பது முன்னேற்றந்தான். எத்தனை நாள் வேலை வழங்குவது என்பது மட்டும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே உள்ளது.

இப்பின்னணியிலேயே கம்பனிகள் 'அவுட்குரோவர்' எனப்படும் வெளிவாரி உற்பத்தி முறையை நீண்டகாலத் தீர்வாக முன்வைக்கின்றன. தோட்டத்தின் ஒரு பகுதிச் செடிகள் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்படும். பராமரிப்பதும் பறிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. உரமும் மருந்தும் கம்பனி தரும். அதன் விலை கழிக்கப்படும். கொழுந்தைக் கம்பனியின் ஆலைக்கே கொடுக்கவேண்டும்; சந்தை விலையோடு இணைத்துக் கிலோவுக்குப் பணம் கிடைக்கும். பிரட்டு இல்லை, அரைப்பேர் இல்லை. இலங்கையின் தேயிலையில் ஏறத்தாழ முக்காற்பங்கைச் சிறுதோட்ட உடைமையாளரே உற்பத்தி செய்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால் தென்மாகாணச் சிறுதோட்டக்காரர் தம் காணிக்கு உரிமையாளர்; விரும்பிய ஆலைக்குக் கொழுந்தை விற்கக்கூடியவர். அட்டன் தோட்டத்துக் குடும்பத்துக்குக் காணியும் இல்லை, வாங்குவோரைத் தெரியும் சுதந்திரமும் இல்லை.

எனினும் இம்முறையைத் தொழிலாளர் முற்றாக வெறுக்கின்றனர் என்று எழுதுவது நேர்மையாகாது. குறிப்பாகப் பெண்களிடையே இதற்கு ஓர் ஈர்ப்பு உண்டு. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியபின் மலையேறலாம். நிறுவையில் கங்காணியின் ஏச்சு இல்லை. கணவனும் கூடையெடுக்க வேண்டியவனாகின்றான். காலத்தின்மீது தனக்கோர் உரிமை வேண்டும் என்ற இவ்வேட்கை முற்றிலும் நியாயமானது. பிரட்டுக்களத்தின் நூற்றைம்பதாண்டு வரலாறே அதனைத் தோற்றுவித்தது. தொழிற்சங்கங்கள் இவ்வேட்கையைத் தம் கோரிக்கையாக ஏற்காது நாட்கூலித் தொகையொன்றையே பேசிக்கொண்டிருந்தமையால், அது கம்பனிகளின் வாயிற் சென்று சேர்ந்தது.

விலையாகக் கேட்கப்படுவது எது என்பதையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஊழியர் சேமலாப நிதியும், பணிக்கொடையும், பிரசவ உதவியும், சம்பளச் சபையின் பாதுகாப்பும், தொழிற்பிணக்கை நீதிமன்றுக்குக் கொண்டு செல்லும் உரிமையும் 'தொழிலாளி' என்ற சட்ட நிலையைச் சார்ந்தவை. லயத்து அறையில் வாழும் உரிமைகூட, தோட்டத்தில் வேலை செய்வதோடு பிணைந்தே வந்துள்ளது. செக்ரோலிலிருந்து முற்றாக நீங்கிய குடும்பம் எவ்வடிப்படையில் அவ்வறையில் இருக்கின்றது? வரட்சி வந்தாலோ ஏலவிலை சரிந்தாலோ இழப்பு யாருடையது? வெளிவாரி முறையின் நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுகின்றது; சிலவற்றில் பதிவும் சேமலாப நிதியும் குறித்த சில நாட்களுக்குத் தொடர்கின்றன. ஆனால் அத்தொடர்ச்சி நிர்வாகத்தின் இசைவைப் பொறுத்ததாக இருக்கும்வரை, துண்டுச்சீட்டுக் காலத்தின் தயவுடைமையிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு வரி இருந்தது. வெளிவாரி முறையிற் பதியப்படுவது குடும்பத்தின் கிலோ. மாலையில் செடியருகே நிற்கும் பாட்டியின் உழைப்பும் பாடசாலை விட்டுவந்த சிறுவனின் உழைப்பும் தாயின் உழைப்பும் ஒரே நிறைக்குள் அடங்கிவிடும். கொடுப்பனவு குடும்பத்தலைவனின் பெயரில் எழுதப்படுமிடத்து, 1984இல் ஆணுக்குச் சமமாகப் பெற்ற பேரைத் தோட்டத்துப் பெண் எந்தப் பதிவேட்டிற் சென்று தேடுவாள்? இதுபற்றிக் கம்பனிகளின் திட்டங்களிலும், அவற்றை எதிர்க்கும் தொழிற்சங்கங்களின் அறிக்கைகளிலும் நாம் அதிகம் காணவில்லை.